திடீரென்று கிளம்பி அயர்லாந்து: மார்ச் 17-க்கு நண்பர்களோடு போக முழுமையான வழிகாட்டி

மார்ச் முதல் வாரத்தில் வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவர் "பேட்ரிக்ஸ் டேக்கு அயர்லாந்து போலாமா?" என்று போட்டுவிடுவார், அடுத்த அரை மணி நேரத்தில் நாலைந்து பேர் சரி என்றுவிடுவார்கள். அந்த நாலைந்து பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேட்ரிக்ஸ் டே என்பது மார்ச் 17 அன்று அயர்லாந்து கொண்டாடும் புனித பேட்ரிக்கின் பண்டிகை. பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பத்து நாள் அவகாசத்தில் இதை எளிதாகச் செய்ய முடிகிறவர்கள் அவர்கள்தான். ஐரோப்பாவில் வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திடீர்ப் பயணம் என்றாலும் இரண்டு விஷயங்களைத் திடீரென்று முடிவு செய்ய முடியாது: விசா, இரவு தங்க இடம். இவை இரண்டும் உறுதியாகிவிட்டால் மற்றதையெல்லாம் ரயிலில் உட்கார்ந்துகொண்டே பேசி முடிக்கலாம். அப்புறம், டப்ளின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இந்தப் பண்டிகை அயர்லாந்தின் ஒவ்வொரு சின்ன ஊரிலும் நடக்கிறது, கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு அங்கேதான் இடமும் கிடைக்கும், மனசுக்கு நிறைவும் கிடைக்கும்.

படி 1: எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் பாருங்கள்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ ஐரோப்பிய ஒன்றிய நாட்டு பாஸ்போர்ட்டோ இருந்தால் விசா தேவையில்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. பிரிட்டனில் வேலை அனுமதியிலோ மாணவராகவோ, ஏன் நிரந்தர வசிப்புரிமையோடு இருந்தாலும்கூட, அது மட்டும் வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. லண்டனிலிருந்து போகும் விமானம் உள்ளூர் விமானம் மாதிரித்தான் தோன்றும், ஆனால் டப்ளின் விமான நிலையத்தில் எல்லாரும் பாஸ்போர்ட் சோதனையைக் கடந்தாக வேண்டும்.

பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் வந்திருக்கும் இந்தியர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது, குறுகிய கால விசா விலக்குத் திட்டம் என்று. முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டு, அந்த விசா காலத்துக்குள் அங்கிருந்து அயர்லாந்து போய்வரலாம். ஊரிலிருந்து தம்பியோ தங்கையோ சுற்றிப் பார்க்க வந்திருந்தால், லண்டனில் வசிக்கும் உங்களுக்கு விசா தேவைப்பட்டு அவர்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் அயர்லாந்து குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

விசா விண்ணப்பம் இணையத்தில் தொடங்கி, ஆவணங்களை அனுப்பி, முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். ஒரு முறை நுழைய 60 யூரோ, பல முறை நுழைய 100 யூரோ. இந்த வருடம் நேரமில்லை என்றால் அடுத்த வருடத்துக்காகப் பல முறை விசாவாகவே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த விசா செல்லுபடியாகும் காலத்துக்குள் யார் கேட்டாலும் கிளம்பலாம்.

படி 2: குழுவில் ஒருவருக்கு விசா இல்லையென்றால்

அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், வட அயர்லாந்துக்குப் போங்கள். அது பிரிட்டனின் பகுதி, பிரிட்டனில் சட்டப்படி வசிப்பவருக்குத் தனி விசா வேண்டாம், மார்ச் 17 அங்கேயும் பொது விடுமுறை. இதை இரண்டாம்பட்ச ஏற்பாடாக நினைக்க வேண்டியதே இல்லை. பேட்ரிக் என்கிற மனிதரின் கதை பெரும்பாலும் நடந்தது அந்த வடக்கில்தான்.

அவர் அயர்லாந்துக்காரர் இல்லை. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், ரோமானியர் காலத்துப் பிரிட்டனில் பிறந்தவர், பதினாறு வயதில் கடல் கொள்ளையர் பிடித்துக்கொண்டு போய் அயர்லாந்தில் அடிமையாக ஆடு மேய்க்க வைத்தார்கள், ஆறு வருடம் கழித்துத் தப்பி ஊர் வந்து சேர்ந்தவர் பிறகு பாதிரியாராக அதே மண்ணுக்குத் திரும்பிப் போனார். தன்னை அடிமைப்படுத்திய நாட்டுக்குத் தானாகத் திரும்பிப் போன ஒருவரின் நாள் இது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் பெரிதாகத் தோன்றுகிறது.

பெல்ஃபாஸ்டிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் டவுன்பேட்ரிக். அங்கே குன்றின் மேல் இருக்கும் டவுன் கதீட்ரலின் முற்றத்தில்தான் அவர் புதைக்கப்பட்டார் என்பது நம்பிக்கை, பெரிய கிரானைட் கல் ஒன்று அந்த இடத்தைக் காட்டுகிறது. பக்கத்திலேயே சால் என்ற சிற்றூர், அவருடைய முதல் தேவாலயம் அங்கேதான் 432-இல் எழுந்தது என்று மரபாகச் சொல்கிறார்கள். 17ஆம் தேதி காலையில் சாலிலிருந்து கதீட்ரலுக்கு நடந்தே போவார்கள், மதியம் ஊருக்குள் அணிவகுப்பு. அர்மா நகரமும் கைக்கெட்டும் தூரம்தான், அங்கே எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு கதீட்ரல்கள், ஒன்று கத்தோலிக்கர்களுடையது, மற்றது புராட்டஸ்டன்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையுடையது, இரண்டுக்குமே பெயர் புனித பேட்ரிக்தான்.

ஒரு எச்சரிக்கை. வடக்குக்கும் தெற்குக்கும் இடையே சோதனைச் சாவடி கிடையாது, பஸ் நிற்காமலே எல்லையைத் தாண்டிவிடும். அதற்காக விசா இல்லாதவர் டப்ளின் பஸ்ஸில் ஏறிவிடக் கூடாது. எல்லை தாண்டும் பஸ்ஸிலும் ரயிலிலும் கார்டா எனப்படும் அயர்லாந்துக் காவலர்கள் ஏறி ஆவணம் கேட்பது உண்டு, ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக உங்கள் நண்பரின் பிரிட்டன் வாழ்க்கை சிக்கலாகக் கூடாது. அயர்லாந்தில் வசிக்கும் இந்தியர்கள் வடக்குக்குப் போவதற்கும் இதே கணக்கு, பிரிட்டன் விசா வேண்டும்.

படி 3: ஆட்களும் நாட்களும்

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. டாக்சியில் நான்கு பேர் உட்காரலாம், சின்னக் கார் போதும், நான்கு படுக்கை ஹாஸ்டல் அறையை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், கூட்டமான பப்பில் நான்கு பேருக்கு ஒரு மூலை கிடைத்துவிடும். ஆறு ஏழு பேர் என்றால் இரண்டு குழுவாகவே திட்டமிட்டு, சேர்ந்து சாப்பிடும் நேரத்தை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் மார்ச் 17 விடுமுறை கிடையாது, லீவு போட்டாக வேண்டும். 16 மாலை போய்ச் சேர்ந்து, 17 முழுக்க அங்கே இருந்து, 18 இரவு திரும்புவதுதான் குறைந்தபட்சம். 17 காலையில் விமானம் ஏறி அன்று மதியமே அணிவகுப்பு பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் வந்த காரியமே போய்விடும். 17 சனி, ஞாயிறில் விழுந்தால் அயர்லாந்தில் அடுத்த திங்களும் பலருக்கு விடுமுறையாக இருக்கும், அந்த வருடம் கூட்டமும் விலையும் இன்னும் ஏறும்.

படி 4: முதலில் படுக்கை, அப்புறம் டிக்கெட்

எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவான விமான டிக்கெட்டைப் பார்த்ததும் கை பரபரக்கும், வாங்கிவிடுவார்கள், பிறகு அறை தேடினால் டப்ளின் நகருக்குள் ஒரு ஹாஸ்டல் படுக்கைக்கே சாதாரண நாளின் பல மடங்கு கேட்பார்கள். அதனால் ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பிடியுங்கள். டப்ளினில் இல்லையென்றால் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வெளியே தேடுங்கள். தெற்கே டார்ட் எனப்படும் கடற்கரையோரப் புறநகர் ரயில் போகும் பிரே, மேற்கே பல்கலைக்கழக ஊரான மேனூத், வடக்கே டிரோஹெடா.

இதில் டிரோஹெடாவை நான் அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். டப்ளின் கனலி நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், பாயின் ஆற்றங்கரை ஊர், பழைய கோட்டை வாயில் இன்னும் நிற்கிறது. பக்கத்திலேயே நியூகிரேஞ்ச், 5,000 வருடத்துக்கு மேல் பழமையான கல் சமாதி, எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ஸ்லேன் குன்று, 433-இல் பேட்ரிக் அரசனின் தடையை மீறி ஈஸ்டர் தீ மூட்டினார் என்று கதை சொல்லும் இடம். டப்ளினில் படுக்கை கிடைக்காததால் இங்கே வந்து தங்குகிறவர்கள், பேட்ரிக்கின் கதைக்கு டப்ளினைவிடப் பக்கத்தில் தங்குகிறார்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விடுமுறை நாளில் ரயில்களும் பஸ்களும் குறைவு, திரும்ப வரும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை அறை பிடிக்கும்போதே பாருங்கள்.

படி 5: போய்ச் சேருவது

விமானம் என்றால் லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள், சில மலிவு விமான நிறுவனங்களில் போர்டிங் பாஸ் கையில் இருந்தாலும் விமான நிலையத்தில் விசா சோதனை மேசைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கூடுதலாக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில் விமான விலை எகிறிவிட்டால் கப்பலை மறக்காதீர்கள். பிரிட்டனின் எந்த ரயில் நிலையத்திலிருந்தும் ஹாலிஹெட் வரை ரயில், அங்கிருந்து டப்ளினுக்குக் கப்பல், இரண்டுக்கும் சேர்த்து செயில்ரெயில் என்று ஒரே டிக்கெட் தருகிறார்கள். அதன் விலை விமானக் கட்டணம் மாதிரி நாளுக்கு நாள் தாவாது, தூரத்தைப் பொறுத்து நிலையாக இருக்கும். கப்பல் மட்டும் மூன்றேகால் மணி நேரம். பெட்டிக்கு எடை பார்க்கிற தொல்லை இல்லை, நான்கு பேர் ஒரு மேசையைப் பிடித்துச் சீட்டாடிக்கொண்டே ஐரிஷ் கடலைத் தாண்டலாம். அவசரமில்லாத குழு என்றால் விமானத்தைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும்.

டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, கோச்சோ நகரப் பேருந்தோதான். நகரப் பேருந்தில் காசாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள், அதனால் லீப் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், பேருந்து, லூவாஸ் டிராம், டார்ட் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். கால்வே போகிறவர்கள் டப்ளின் நகருக்குள்ளேயே நுழைய வேண்டாம், விமான நிலைய வாசலிலிருந்தே நேர் கோச் இருக்கிறது.

கார் எடுப்பதா? மேற்குக் கடற்கரைக்குப் போவதென்றால் எடுங்கள். இடப்பக்கம் ஓட்டுவதால் நமக்குப் பழக்கம்தான், ஆனால் 25 வயதுக்குக் கீழே என்றால் பல நிறுவனங்கள் தயங்கும், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடி தடுப்பே இருக்காது, கேமரா படம் எடுத்துவிடும், மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் அபராதம். குடித்துவிட்டு ஓட்டும் பேச்சே வேண்டாம், ரத்த அளவு வரம்பு பிரிட்டனின் பெரும்பகுதியைவிடக் கடுமையானது, விடுமுறை வாரத்தில் சாலையோரம் நிறுத்திச் சோதிப்பார்கள், மறுநாள் காலையிலும்.

படி 6: பையில் என்ன

மார்ச் நடுவில் பகலில் 10 டிகிரி இருந்தால் நல்ல நாள், இரவில் 3, 4-க்கு இறங்கும், மழை ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை வந்து போகும். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும், கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கும் மறைக்கும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, நனையாத ஷூ, கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸ். பச்சை நிறத்தில் ஒரு ஸ்கார்ஃபோ சட்டையோ போதும். பிளக் பிரிட்டனில் இருக்கும் மூன்று முள் வகையேதான், ஆனால் பணம் யூரோ. வடக்கே மட்டும் பவுண்டு.

படி 7: 17ஆம் தேதி

டப்ளினில் இருந்தால்: அணிவகுப்பு வழக்கமாக மதியம் 12 மணிக்கு பார்னெல் சதுக்கத்தில் கிளம்பும், ஓகானல் தெருவில் இறங்கி, லிஃபி ஆற்றைத் தாண்டி, டேம் தெரு வழியாக மேலேறி, கிறைஸ்ட் சர்ச் பக்கம் திரும்பி, புனித பேட்ரிக் கதீட்ரலைக் கடந்து முடியும். ஓகானல் பாலத்தைச் சுற்றித்தான் எல்லாரும் முட்டி மோதுவார்கள். நீங்கள் முடியும் பக்கம், கதீட்ரல் தாண்டி நில்லுங்கள், ஊர்வலம் அங்கே வந்து சேரக் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் நெரிசல் குறைவு. எங்கே நின்றாலும் 10 மணிக்குள் போய்விடுங்கள். தடுப்புகள் போட்டபின் தெருவைக் கடப்பது பெரும்பாடு, அதனால் முடிந்ததும் எங்கே போகப் போகிறீர்களோ, அந்தப் பக்கமே நில்லுங்கள். நகர நடுவில் டிராமும் பேருந்தும் அன்று நின்றுவிடும் அல்லது சுற்றிப் போகும். போன் சிக்னலும் தடுமாறும், பிரிந்துவிட்டால் சந்திக்க ஒரு இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே பேசிவையுங்கள்.

சின்ன ஊரில் இருந்தால்: நான் சொல்ல வந்ததே இதுதான். ஊர் பள்ளிப் பிள்ளைகள், ஹர்லிங் என்ற அயர்லாந்துப் பந்தாட்டத்தின் மட்டையோடு குட்டிப் பையன்களும் பெண்களும், தீயணைப்பு வண்டி, துடைத்து மினுக்கிய டிராக்டர்கள், லாரியின் பின்னால் அலங்காரம் கட்டி நிற்கும் கடைக்காரர்கள், பக்கத்து ஊர் பேண்டு. ஓரத்தில் நிற்பவர்கள் ஊர்வலத்தில் வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தடுப்பும் இல்லை, இடம் பிடிக்கும் சண்டையும் இல்லை, நம் ஊர்த் திருவிழாவில் தேர் வரும் தெருவில் நிற்பது போலவே இருக்கும். நேரம் ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் காலை 11, சில இடங்களில் மாலை 3, அதனால் கார் இருந்தால் ஒரே நாளில் இரண்டு ஊர் பார்க்கலாம். கெர்ரி மாவட்டத்தின் டிங்கிளில் இன்னும் விசேஷம், விடியும் முன் காலை 6 மணிக்கே குழலும் முரசுமாக ஊர்வலம் கிளம்பிவிடும். அதைப் பார்க்க முந்தைய இரவே டிங்கிளில் தங்கியிருக்க வேண்டும்.

ஒன்று தெரிந்துகொண்டால் இந்த நாளை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். உலகம் இதைக் குடிக்கும் நாளாக நினைக்கிறது, ஆனால் 1903-இல் இது பொது விடுமுறை ஆனபோது முதன்மையாக ஒரு மத நாள். 1927 முதல் 1960-இல் சட்டம் மாறும் வரை அன்று அயர்லாந்தில் பப்கள் மூடியே கிடந்தன, டப்ளினில் குடிக்க வேண்டுமானால் நாய்க் கண்காட்சிக்குப் போக வேண்டும், அங்கே அனுமதி இருந்தது. ஆர்ப்பாட்டமான அணிவகுப்பு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அயர்லாந்துக்காரர்களிடம் வளர்ந்தது, நியூயார்க்கில் 1762-லேயே தொடங்கிவிட்டது. டப்ளினில் இப்போது நடக்கும் பெரிய திருவிழா 1996-இல் வந்தது. இன்றும் பல குடும்பங்களுக்குக் காலையில் பூசை, சட்டையில் ஒரு கொத்து ஷாம்ராக் இலை, ஊர்வலம், பிறகு வீட்டில் சாப்பாடு. அதனால் சிவப்புத் தாடி ஒட்டிக்கொண்டு குடிகாரன் வேஷம் கட்டுவதைத் தவிருங்கள், பக்கத்தில் நிற்கும் பாட்டி பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார்.

படி 8: பப்

மாலையில் டெம்பிள் பார் பகுதிக்குள் நுழைய வேண்டாம், விலையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும். நகரின் மற்ற தெருக்களில் நல்ல பப்கள் நிறைய, ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன் பாரம்பரிய இசைக்குப் பெயர் போனது. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிடில், புல்லாங்குழல் வாசிப்பதை அங்கே செஷன் என்பார்கள். அது கச்சேரி இல்லை, மேடையும் இல்லை, ஆனாலும் பக்கத்தில் நின்றுகொண்டு சத்தமாகப் பேசாதீர்கள், யாராவது தனியாகப் பாட ஆரம்பித்தால் பப் முழுக்க அமைதியாகிவிடும், நீங்களும் அமைதியாகுங்கள்.

ரவுண்டு முறை தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். உங்கள் முறை வரும்போது எழுந்து போங்கள், நடுவில் நழுவுவது மரியாதைக் குறைவு. குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், ஆல்கஹால் இல்லாத கின்னஸ் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கின்னஸை இரண்டு தடவையாக ஊற்றுவார்கள், இடையில் இரண்டு நிமிடம் நிறுத்துவார்கள், மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கூப்பிடாதீர்கள். தெருவில் நின்று குடிப்பது டப்ளினில் தடை, காவலர்கள் பிடுங்கிக் கொட்டிவிடுவார்கள். 18 வயதுக்குக் கீழே யாராவது உடன் இருந்தால் இரவு 9 மணிக்கு மேல் பப்பில் இருக்க முடியாது.

சாப்பாட்டை மாலை 5 மணிக்கே முடித்துவிடுங்கள், அன்று சமையலறையைச் சீக்கிரமே மூடும் பப்கள் உண்டு. கடல் மீன் சௌடர் சூப்போடு பழுப்பு சோடா ரொட்டி, இதை விடாதீர்கள். சைவக்காரர்கள் காய்கறி சூப் என்றிருந்தாலும் கோழிச் சாறில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பசிக்குத் தெருவோர சிப்ஸ் கடை இருக்கிறது, டப்ளின் சீனக் கடைகளின் ஸ்பைஸ் பேக் இருக்கிறது, உருளைச் சிப்ஸும் பொரித்த கோழியும் மிளகாயும் சேர்த்த காகிதப் பை, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

படி 9: 18ஆம் தேதி

டப்ளின் பக்கம் இருந்தால் டார்ட் பிடித்து ஹோத் போங்கள், அரை மணி நேரம், மீன்பிடித் துறைமுகம், அதைச் சுற்றிக் கடற்பாறை மேல் நடைபாதை. முந்தைய இரவின் களைப்புக்கு அந்தக் காற்று போதும். நியூகிரேஞ்ச் என்றால் முன்பதிவு கட்டாயம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். மழை கொட்டினால் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம், அனுமதி இலவசம், புனித பேட்ரிக்கின் மணிக்காகச் செய்த பேழை அங்கேதான் இருக்கிறது.

மலையேறுகிற குழுவாக இருந்தால் மேயோ மாவட்டத்தின் குரோக் பேட்ரிக், 764 மீட்டர், பேட்ரிக் 40 நாள் நோன்பிருந்ததாகச் சொல்லப்படும் மலை. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து அடிவாரம் சில கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்கச் சரியும் கற்கள், உச்சியில் மேகம் மூடியிருந்தால் ஏறாதீர்கள், அடிவாரத்தில் நின்று கிளூ விரிகுடாவைப் பார்த்தாலே வந்ததற்குப் பலன்.

திரும்பும் நாளில் விமானம் அதிகாலை என்றால் கோச்சை முந்தைய மாலையே பதிந்துவிடுங்கள், 18ஆம் தேதி எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் டாக்சி கிடைப்பது கஷ்டம். அவசரத்துக்கு எண் 112 அல்லது 999. வரவு செலவுக் கணக்கைப் பயணத்தின்போதே ஒருவர் எழுதிவந்து, ஊர் திரும்பும் ரயிலிலேயே தீர்த்துவிடுங்கள்.